கம்பியில் இரண்டு கோடு

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் என் மனைவியின் பட்டுப்புடவைகளும் ஒரு துப்பாக்கியும் சேர்ந்து குடியிருக்கின்றன. புடவைகளுக்கு அந்துருண்டை, துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய். இரண்டும் கலந்த வாசனையோடுதான் நாங்கள் இத்தனை வருடமாகக் கல்யாண வீடுகளுக்குப் போய் வருகிறோம். யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்குப் பதில் வைத்திருக்கிறேன்.

துப்பாக்கி என்றதும் வேறு விதமாக நினைக்க வேண்டாம். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி அது. அப்பா பெயரில் இருந்த உரிமம் அவருக்குப் பின் என் பெயருக்கு மாறியது. கம்பம் கடைவீதியில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. காமயகவுண்டன்பட்டிக்கு அப்பால் மலையடியில் கொஞ்சம் தென்னையும் கொஞ்சம் மக்காச்சோளமும் உண்டு. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு கீழே இறங்கும். அவற்றை நான் சுடுவதில்லை. குண்டு எதுவும் போடாமல் கரிமருந்தும் தேங்காய் நாரும் மட்டும் வைத்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அந்தச் சத்தம் போதும், பன்றிகள் வந்த வழியே போய்விடும்.

இதற்குக் கடையில் வாங்கும் தோட்டா கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் நாமே வீட்டில் உட்கார்ந்து கெட்டிக்க வேண்டும். குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, அதன்மேல் நாரை உருட்டி வைத்து, நீளமான கம்பியால் உள்ளே தள்ளி இறுக்குவது. பின்பக்கம் பொட்டு அளவில் ஒரு செப்புக் கேப்பு மாட்ட வேண்டும். அதைச் சுடும் இடத்தில்தான் மாட்டுவேன், வீட்டில் மாட்டுவதில்லை. கேப்பு இல்லாத துப்பாக்கி வெறும் குழாய்.

நான் கெட்டிக்கும் நாளில் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சாமி விளக்கு எரியக் கூடாது. பின்கட்டில் பாய் விரித்து, அதன்மேல் துவைத்த வெள்ளை வேட்டி விரித்து, மருந்துப் புட்டி, நார் உருண்டைகள் வைத்த டப்பா, துடைக்கும் துணி எல்லாவற்றையும் வரிசையாக வைத்த பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவேன். நார் உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். என் மனைவி இந்த ஏற்பாட்டுக்குத் துப்பாக்கி விரதம் என்று பெயர் வைத்திருக்கிறாள். அடுப்பு எரியாததால் அன்று விரதம் எல்லோருக்கும்தான்.

"ஏங்க, நீங்க கெட்டிச்சு முடிக்கங்குள்ள பன்னி சோளத்தைத் தின்னுட்டு, கையைக் கழுவிட்டு, வெத்தலையும் போட்டுட்டுப் போயிரும்" என்பாள்.

இந்தத் துப்பாக்கியில் ஒரு சிக்கல் உண்டு. கெட்டித்திருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கம்பியை உள்ளே விட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குழல் காலியாக இருந்தால் கம்பி அடிவரை போகும். உள்ளே மருந்தும் நாரும் இருந்தால் நாலு விரல் முன்னாலேயே நின்றுவிடும். நாலு விரலைக் கண்ணால் மதிப்பிடுவது எனக்கு ஒத்துவராது. கண்ணைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், அதை நம்பாமல் இருப்பதுதான் என் தொழிலே. அதனால் கம்பியில் இரண்டு கோடு போட்டு வைத்தேன். காலிக் குழலுக்குள் கம்பியை விட்டால் குழலின் வாயோடு சமமாக நிற்கும் இடத்தில் பச்சைக் கோடு. கெட்டித்த குழலில் அதே மாதிரி நிற்கும் இடத்தில் சிவப்புக் கோடு. பச்சை தெரிந்தால் காலி, சிவப்பு தெரிந்தால் உள்ளே இருக்கிறது. ஸ்கேல் வைத்து, நகப்பூச்சு அளவுக்கு மெல்லியதாகப் போட்ட கோடுகள்.

இந்தக் கோடுகள் என் பீரோவோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

தேர்தல் அறிவிப்புக்குச் சில வாரம் முன்னால், வழக்கமான பரிசோதனைக்காக எங்கள் பகுதியில் உரிமம் வைத்திருக்கும் எல்லோரையும் துப்பாக்கியோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ஸ்டேஷன் வளாகத்தில் பெஞ்சு போட்டு, பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஏட்டையா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் கம்பியைக் கையில் எடுத்து நின்றுவிட்டார்.

"இது என்ன சார், சிக்னல் மாதிரி பச்சையும் செவப்பும்?"

விளக்கினேன். அவர் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். பச்சைக் கோடு வாயோடு வாயாக வந்து நின்றது. வெளியே எடுத்தார். மறுபடி விட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பாத்துக்கங்கய்யா எல்லாரும்! சார் எப்படி வச்சிருக்காகன்னு பாருங்க. நீங்களும் வச்சிருக்கீங்களே, அடுப்பு ஊதுற குழல் மாதிரி."

எனக்குச் சட்டை கொஞ்சம் இறுகியது போல இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று பார்த்து ஸ்டேஷன் காம்பவுண்டுச் சுவரில் ஒரு பெயிண்டர் எழுதிக்கொண்டிருந்தார். ஏட்டையா அவரைக் கூப்பிட்டு, எல்லாக் கம்பிக்கும் இதே மாதிரி கோடு போடச் சொல்லிவிட்டார். பெயிண்டர் ஒவ்வொரு கம்பியையும் அதனதன் துப்பாக்கிக்குள் விட்டு, வாயருகில் பச்சை வைத்தார். அங்கிருந்து தன் கையால் நாலு விரல் அளந்து சிவப்பு வைத்தார். என் கம்பி முறை வந்தபோது, இதில்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்றேன். "இது கண்ணுக்கே தெரியல சார். எல்லாம் ஒண்ணுபோல இருந்தாத்தான் லட்சணம்" என்று சொல்லி, என் மெல்லிய கோடுகளின் மேலேயே கட்டை விரல் அகலத்துக்கு இழுத்துவிட்டார். பிறகு எல்லாக் கம்பிகளையும் சுவரில் சாய்த்து வெயிலில் காயவைத்தார்கள். டீ வந்தது. டீ குடித்ததும் அவரவர் கம்பியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் சட்டையில் பெயிண்ட் ஒட்டாமல் கைக்குட்டையால் பிடித்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

கடை திறக்கும் அவசரத்தில் துப்பாக்கியை மட்டும் நான் பீரோவில் வைத்து, கம்பியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பீரோவின் மேல்தட்டில் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் அந்தக் கம்பி அளவெடுத்த மாதிரி உட்காரும். அதுதான் அதன் இடம்.

அன்றிலிருந்து பீரோ கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லை.

"முழங்காலை வச்சு அமுக்குனாத்தான் கைப்பிடி திரும்புது. என்னன்னு பாருங்க" என்றாள் மனைவி. கீலில் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னாள். மறுபடி விட்டேன். சாரல் காலத்துக் காற்றுக்கு இரும்பு கொஞ்சம் பிடிக்கும் என்று விளக்கமும் சொன்னேன். மூன்றாம் முறை விட்டபோது அவள் கீழே வழிந்த எண்ணெயைத் துடைத்தாள்.

தேர்தல் அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலமே ஏட்டையா போன் செய்தார்.

"சார், நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்துருங்க. இந்தத் தடவ ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. லேட்டானா லைசென்சு மேல எழுதச் சொல்லிட்டாக. உள்ள எதுவும் இருக்கக் கூடாது. உங்களுக்குச் சொல்லணுமா என்ன!"

நான் எப்போதும் முதல் ஆளாகக் கொடுக்கிறவன். துப்பாக்கியைத் துடைத்துவிட்டு, ஒரு வழக்கத்துக்காகக் கம்பியை உள்ளே விட்டேன்.

சிவப்புக் கோடு வாயில் வந்து நின்றது.

வெளியே எடுத்தேன். மறுபடி விட்டேன். சிவப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சிவப்புதான்.

பரிசோதனைக்கு முந்தின நாள் காலி செய்து கழுவிக் காயவைத்த குழல். அதற்குப் பிறகு நான் கெட்டிக்கவில்லை, கெட்டித்திருந்தால் வீட்டில் ஒரு வேளை பட்டினி விழுந்திருக்கும். மனைவியைக் கேட்டேன்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல. சமைச்சு முடிச்சு, துணி மடிச்சு வச்சு, துப்பாக்கியும் கெட்டிச்சேன்" என்றாள்.

மீதி இருந்தது ஒரே ஆள். என் மனைவியின் தம்பி தோட்டத்திலேயே தங்கி அதைப் பார்த்துக்கொள்கிறான். வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவான். உரிமத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வேறு யாரும் கெட்டிப்பது குற்றம். போன் போட்டேன்.

"மாப்ள, உண்மையைச் சொல்லு. பீரோவைத் திறந்து துப்பாக்கியைக் கெட்டிச்சியா?"

"நான் எதுக்கு மச்சான் தொடுறேன்? அதைத் தொட்டா முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வீக."

"கம்பியில செவப்பு காட்டுதுடா."

"செவப்பு காட்டுனா கம்பியைக் கேளுங்க, என்னைய எதுக்குக் கேக்குறீக?" என்று வைத்துவிட்டான். பேச்சில் சூடு இருந்தது. குற்றம் செய்தவனுக்குத்தான் இப்படிக் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிலைமை இதுதான். மறுநாள் ஐந்து மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் உரிமம் போகும். கெட்டித்த துப்பாக்கியை ஸ்டேஷனுக்குள் கொண்டுபோனாலும் உரிமம் போகும். ஒருமுறை போன உரிமம் திரும்பி வந்ததாக எங்கள் பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை. அது போனால் மலையடி நிலத்தைப் பன்றிகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு நான் கண்ணாடிக் கடையோடு இருந்துகொள்ள வேண்டியதுதான்.

கெட்டித்ததைக் காலி செய்ய நேரான வழி வெடிப்பது. காலையில் துப்பாக்கியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான், ஆனாலும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். அவனைக் கிணற்றுக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, வானத்தைப் பார்த்துப் பிடித்து, கேப்பை மாட்டி, விசையை இழுத்தேன்.

"டிக்."

கேப்பு மட்டும் வெடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு வேறு கேப்பு மாட்டினேன். "டிக்." மூன்றாவதும் அதேதான். தென்னையில் இருந்த காக்கைகூட எழுந்திருக்கவில்லை.

"மச்சான், பன்னியை இதை வச்சா வெரட்டுறீக? அதுக்குச் சிரிப்புல வயிறு வலிக்கும்" என்று கிணற்றுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மருந்து சாரலில் நமுத்துவிட்டது என்று முடிவு செய்தேன். இனிச் செய்யக்கூடியது, குழலுக்குள் தண்ணீர் விட்டு மருந்தைக் கொன்றுவிட்டு நாரைத் திருகி எடுப்பது. மைத்துனன் குடத்தோடு வந்தான். தண்ணீரை ஊற்றினேன். ஊற்றிய வேகத்தில் அது பின்பக்கம் கேப்பு மாட்டும் துவாரம் வழியாகச் சர்ரென்று பீய்ச்சிக்கொண்டு போய் அவன் கைலியை நனைத்தது.

"ஏன் மச்சான், உள்ள அடைச்சிருந்தா தண்ணி எப்படி இம்புட்டு வேகமா வரும்?"

"நார்தானே. தண்ணியை விடும்."

"அப்ப மருந்து?"

"கரைஞ்சு வந்திருக்கும்."

"கரைஞ்சா கறுப்பால்ல வரணும்? இது குடிக்கலாம்போல இருக்கு."

கம்பியை விட்டுப் பார்த்தேன். சிவப்பு. அந்தக் கோட்டைவிடத் தெளிவான சாட்சி வேறு என்ன வேண்டும்? கம்பி நுனியில் திருகு முனையை மாட்டி உள்ளே விட்டு முறுக்கினேன். ஒரு நூல் நார்கூட வரவில்லை. வெயில் ஏற ஏற நான் முறுக்கினேன். மைத்துனன் வேறு யோசனைகள் சொன்னான். டிராக்டர் சைலன்சரில் கட்டிக் காயவைக்கலாம் என்பது ஒன்று. கடமலைக்குண்டில் ஒருவர் மந்திரித்துக் கொடுப்பார் என்பது இன்னொன்று. இரண்டையும் மறுத்துவிட்டுக் குழலைத் துணி விட்டுத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே போய் வெள்ளையாகவே வந்தது. மறுபடி கம்பி. மறுபடி சிவப்பு.

மணி மூன்று ஆகிவிட்டது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, கேப்பு எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு, துப்பாக்கியையும் கம்பியையும் உறையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மைத்துனன்தான் பைக்கில் கொண்டுபோய் இறக்கினான். "உள்ள வச்சிட்டாகன்னா போன் போடுங்க, சாப்பாடு கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடை நிழலில் போய் நின்றுகொண்டான்.

உள்ளே ஏட்டையா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரமாக ஒப்படைத்த துப்பாக்கிகள் டோக்கன் கட்டிச் சாய்ந்திருந்தன. வெக்கைக்குத் தொப்பியைக் கழற்றி, கைக்கு எட்டிய ஒரு துப்பாக்கியின் வாயில் மாட்டியிருந்தார். பெஞ்சில் ஒரு பெரியவர் ரசீதுக்காகக் காத்திருந்தார். மலையடியில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர், பரிசோதனை அன்று பார்த்த முகம்.

"வாங்க சார்! இன்னிக்கு என்ன இம்புட்டு லேட்டு? உங்களைத்தான் மொதல் ஆளா எதிர்பாத்தேன்."

"ஏட்டையா, ஒரு சங்கடம். உள்ள கெட்டிச்சு இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உள்ள இருந்தா நான் வாங்கக் கூடாது சார். வெடிச்சுட்டுக் கொண்டாங்க."

"வெடிக்கல."

"வெடிக்கலன்னா?"

"மூணு கேப்பு போட்டுப் பாத்தேன். வெடிக்கல."

"சார், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. உள்ள மருந்து இருக்குன்னா நான் கேஸு எழுதணும். வெடிக்காத துப்பாக்கின்னா, வெடிக்காததுக்கு எதுக்கு லைசென்சுன்னு மேல கேப்பாக. நான் எதைன்னு எழுத?"

பெஞ்சிலிருந்த பெரியவர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "தம்பி, எனக்கு அப்படியே நேர்மாறு. முந்தாநாள் சாயங்காலம் கெட்டிச்சு வச்சேன். மருந்தும் நாரும்தான். நேத்துக் கம்பியை விட்டுப் பாத்தா பச்சை காட்டுது. கெட்டிச்சது எங்கன போச்சுன்னே தெரியல. நீ எடுத்து வெடிச்சியான்னு வீட்டுக்காரியைப் பிடிச்சு ஏசிப்புட்டேன். ராத்திரி சோறு போடல அவ."

"அதான் நானே கம்பியை விட்டுப் பாத்து வாங்கி வச்சேன்" என்றார் ஏட்டையா. "பச்சைன்னா காலி. சார் சொல்லிக் குடுத்தது."

"இன்னொரு வாட்டி கெட்டிச்சிரலாமான்னு இருந்தேன். அதுக்குள்ள ஐயா போன் போட்டாக, விட்டுட்டேன்" என்றார் பெரியவர்.

கெட்டித்தது காணாமல் போகிற துப்பாக்கி ஒன்று, கெட்டிக்காதது வந்து சேர்கிற துப்பாக்கி ஒன்று. இரண்டும் ஒரே அறையில் இருப்பதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது, என்ன என்றுதான் பிடிபடவில்லை. ஏட்டையா யோசித்துக்கொண்டே என் துப்பாக்கியை வாங்கி, கம்பியைக் குழலுக்குக் கீழே இருக்கும் மரத்தண்டின் துளையில் செருகி, பெரியவரின் துப்பாக்கிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். நான் வீட்டில் கம்பியைத் தண்டில் வைப்பதில்லை, துரு பிடிக்கும்.

"என்ன சார் இது, உங்க துப்பாக்கி நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது?"

பார்த்தேன். குழலின் வாயைத் தாண்டி நாலு விரல் நீளத்துக்குக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னுதுக்கு நாக்கே இல்ல பாருங்க" என்றார் பெரியவர். "அன்னிக்குப் பெயிண்டு அடிச்சதுல இருந்து கம்பி சுருங்கிப் போச்சு ஐயா. காலிக் குழலுக்குள்ள விட்டா முழுசா முழுங்கிருது. நூல் கட்டித்தான் இழுக்குறேன்."

அவருடைய கம்பியின் தலையில் ஒரு முழம் சிவப்புச் சணல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துப்பாக்கியின் குழல் என்னுடையதைவிட நீளம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. நாலு விரல் நீளம்.

எனக்குப் பீரோ கதவு ஞாபகம் வந்தது.

"ஏட்டையா, கம்பி மாறிப்போச்சு. என்கிட்ட இருக்குறது இவரோட கம்பி. இவர்கிட்ட இருக்குறது என்னோடது. இவரோட நீளக் கம்பி என் குட்டைக் குழல்ல, காலியா இருக்குறப்பவே செவப்பு காட்டுது. என் குட்டைக் கம்பி இவரோட நீளக் குழல்ல, கெட்டிச்சிருந்தாலும் பச்சை..."

பெரியவரின் துப்பாக்கியைக் கை காட்டினேன். ஏட்டையா எழுந்து, என் துப்பாக்கியிலிருந்து நீளக் கம்பியை உருவி, அந்தத் துப்பாக்கியின் வாயில் விட வேண்டி, அதில் மாட்டியிருந்த தன் தொப்பியை எடுத்தார். கம்பியை விட்டார். சிவப்புக் கோடு வாயில் வந்து நின்றது.

தொப்பியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையில் வைத்துக்கொண்டார்.

"இம்புட்டு நேரமும் இதுலதான் மாட்டி வச்சிருந்தேன் சார்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

கேப்பு மாட்டாததால் அது தானாக வெடிக்காது என்று நான் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது நானும் சுவர்ப் பக்கம் இரண்டடி நகர்ந்துதான் நின்றேன். குட்டைக் கம்பியை என் துப்பாக்கியில் விட்டுப் பார்த்தோம். பச்சை. அடிவரை காலி. காலையெல்லாம் நான் வெறுங்குழலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"இதை இங்கன வச்சு வெடிச்சா, தேர்தல் நேரத்துல ஸ்டேஷன்ல துப்பாக்கிச் சூடுன்னு நாளைக்கு டிவியில நான்தான்" என்றார் ஏட்டையா. எல்லோரும் ஜீப்பில் ஏறிப் பெரியவரின் வாழைத்தோட்டத்துக்குப் போனோம். பெரியவர் துப்பாக்கியைக் குழந்தையைப் போல நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஏட்டையா வழி முழுக்க ஜன்னல் பக்கமே ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். பின்னால் மைத்துனன் பைக்கில் வந்தான். என்னைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்து அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது என்று பிறகு சொன்னான்.

தோட்டத்தில் கேப்பு மாட்டி, பெரியவர் வானத்தைப் பார்த்து இழுத்தார்.

அந்த வெடிச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. வாய்க்காலில் நின்ற கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. என் வாழ்க்கையில் வேறு ஒருவரின் துப்பாக்கி வெடித்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. புகை விலகும்போது மோட்டார் ரூமிலிருந்து பெரியவரின் மனைவி வெளியே வந்தார். ஏட்டையாவையும் ஜீப்பையும் அவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேராகப் புருஷனிடம் வந்தார்.

"இப்பக் கேட்டுச்சா? நான் வெடிச்சிருந்தா இப்படித்தான் கேட்டிருக்கும். ஊருக்கே கேட்டிருக்கும். உமக்குக் காது எங்கன போச்சு?"

"ஆத்தா, தப்பு அவர் மேல இல்ல. கம்பி மாறிப் போச்சு" என்றார் ஏட்டையா.

"கம்பி மாறுனா கம்பியை ஏசணும், பொண்டாட்டியை ஏசக் கூடாது" என்றார் அந்த அம்மாள். பின்னால் பைக்கில் சாய்ந்து நின்ற மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் கொக்குகளைப் பார்த்தேன்.

ஐந்து மணிக்குள் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டோம். ஏட்டையா என் துப்பாக்கியை வாங்கி, டோக்கன் கட்டி, ரசீது எழுதிக் கொடுத்தார். உரிமப் புத்தகத்தில் ஒரு குறிப்பும் விழவில்லை. உட்கார்ந்து மூச்சு விட்ட பிறகு, எனக்குள் ஒரு யோசனை ஓடியது. ஒவ்வொரு கம்பியிலும் உரிமையாளரின் உரிம எண்ணைப் பொறித்துவிட்டு, துப்பாக்கியிலும் அதே எண்ணைப் பொறித்தால் இப்படி மாறாது. கோடுகளை நீலம், மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறமாகவும் வைக்கலாம். ஏட்டையாவிடம் சொல்லத் தொடங்கினேன்.

"சார்" என்றார் அவர், கையைக் கூப்பி. "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுறீக. நல்ல மனுசன். ஆனா இனிமே நீங்க ஒண்ணும் யோசிக்காதீக."

பெயிண்டர் விட்டுப் போயிருந்த தின்னர் டப்பாவையும் கொஞ்சம் பழந்துணியையும் என் முன்னால் வைத்தார். எல்லாக் கம்பிகளிலும் இருந்த கோடுகளை உட்கார்ந்து துடைத்தேன். ஒவ்வொரு கம்பியும் அதனதன் குழலோடு பொருந்துகிறதா என்று விட்டுப் பார்த்து, சணலால் சேர்த்துக் கட்டியும் கொடுத்தேன். வேறு எதுவும் மாறியிருக்கவில்லை, நாங்கள் இருவர்தான். நான் முடிக்கிறவரை பெரியவரும் மைத்துனனும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். டீக்கு நான்தான் சொல்லியிருந்தேன். மைத்துனனிடம் நேரடியாக மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. கூடவே ஒரு வடையும் சொன்னேன். அவன் புரிந்துகொண்டு இரண்டாவதையும் கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் எனக்குப் போன் செய்யும்போது ஹலோ சொல்வதில்லை. "மச்சான், பச்சையா செவப்பா?" என்றுதான் ஆரம்பிக்கிறான். பச்சை என்றால் வீட்டுக்குச் சாப்பிட வருவான்.

தேர்தல் முடிந்து முடிவும் வந்த பிறகு துப்பாக்கி திரும்பி வந்தது. கம்பியில் கோடு எதுவும் இல்லை. தலையில் மட்டும் பெரியவர் கட்டிய சணலின் முடிச்சு மிச்சம் இருந்தது. அதை நான் அவிழ்க்கவில்லை, அடையாளத்துக்கு அது நல்லது. சோளத்தில் அப்போதுதான் கதிர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அன்று கடைக்குப் போகும் அவசரம் இருந்தும், நானே கம்பியைப் பீரோவின் மேல்தட்டில் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கதவைத் தள்ளினேன். முழங்கால் வேண்டியிருக்கவில்லை, கைப்பிடி தானாகத் திரும்பியது.

பின்னால் நின்ற மனைவி முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்:

"எண்ணெய் விட்டதுலதான் சரியாயிருச்சு, இல்லைங்க?"